புரபசர் மருமகனுக்கு மாமன் போடுற மார்க்கு

வா மருமகனே, இப்படித் திண்ணையில உக்காரு. நாற்காலியத் தேடாத. இந்த வீட்டுல இருந்த ஒரு நாற்காலியும் உங்க மன்றத்துக்குத் தான் போயிருக்கு, தலைவர் உக்காரணும்னு.

உன் வீட்டு வாசல்ல மாட்டியிருக்கியே போர்டு, அதைப் பாத்தேன். முனைவர்னு ஆரம்பிச்சு, பட்டமெல்லாம் வரிசையா வந்து, மேனாள் துறைத்தலைவர்னு முடியுது. தபால்காரரு வெயில்ல நின்னு வாசிக்காரு, பாவம். முடிக்கதுக்குள்ள அவரும் மேனாள் ஆயிருவாரு போல.

நேத்து என் மக வந்திருந்தா. ரசத்துக்குப் புளி கரைக்கும்போது பக்கத்துல வந்து நின்னு, புளியமரம் எந்தத் தேசத்துல இருந்து வந்துச்சுன்னு அம்பது நிமிஷம் பேசுதியாமே. அம்பதுன்னு எப்படித் தாயி அளந்தேன்னு கேட்டேன். காலேஜுல ஒரு பீரியடு அவ்வளவு தானாம். அங்க மணி அடிப்பாங்க, நீயும் நிறுத்திருவே. வீட்டுல மணி அடிக்க யாரு இருக்கா? கரண்டியால தட்டிப் பாக்கலாமான்னு கேட்டா. தட்டு தாயி, ஆனா பாத்திரத்துல தட்டுன்னு சொல்லி அனுப்பிருக்கேன். ஒண்ணு கவனிச்சியா? நீ ரிட்டயர் ஆகி வந்துட்டே. அவளுக்கு அந்த மாதிரி ஆர்டர் எந்த ரெஜிஸ்ட்ராரும் கொடுக்கல. முன்ன டிபன் கட்டிக் கொடுத்தா ஒரு நேரத்தோட போச்சு, இப்ப மூணு நேரமும் சோறும் போட்டுப் பாடமும் கேக்கா.

சரி, மன்றத்துக்கு வாரேன். கோவில்பட்டியில ரிட்டயர் ஆன காலேஜு, யுனிவர்சிட்டி வாத்தியாருங்க ஒன்பது பேரு சேந்து ஆரம்பிச்சீங்க. நல்ல காரியம். ஆனா விதிமுறை எழுதவே ஒரு பருவம் போச்சு. முதல் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டியே. ‘முதுமையில் கற்றலின் தேவை’ங்கிறது தலைப்பு. எல்லாருமே பேசுனாங்க. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க கண்ணு அவங்கவங்க குறிப்புத் தாள்ல தான் இருந்துச்சு. கேக்க வந்தவன் நான் ஒருத்தன் தான். நானும் போண்டாவுக்காகத் தான் வந்தேன்னு உனக்கே தெரியும்.

அன்னைக்கு நீ பேசுனதுல ஒரு விசயம் எனக்குப் பிடிச்சுது. 1973ல பிரான்சு தேசத்துல, துலூஸ்ங்கிற ஊர்ல, பியர் வெல்லாஸ்னு ஒரு சட்ட வாத்தியாரு, வேலைய விட்டு ஓய்ஞ்சவங்களப் பல்கலைக்கழகத்துக்கே கூப்பிட்டு வகுப்பு நடத்துனாருன்னு சொன்னே. மூணாம் பருவப் பல்கலைக்கழகம்னு பேராம். எண்பதுகள் ஆரம்பத்துல அது இங்கிலாந்துக்குப் போனப்ப, கேம்பிரிட்ஜுல பீட்டர் லாஸ்லெட்டுங்கிற சரித்திரக்காரரும் இன்னும் ரெண்டு பேரும் சேந்து அதைத் தலைகீழாத் திருப்பிட்டாங்கன்னே. தனியா வாத்தியாரு கிடையாது. சொல்லிக் கொடுக்கவங்க படிக்கவும் செய்யணும், படிக்கவங்க சொல்லியும் கொடுக்கணும். பரீட்சை இல்ல, பட்டம் இல்ல. கேட்டுட்டு இருந்த எனக்கு அடுத்த போண்டாவே இறங்கல. ஏன்னா, பிரான்சுல வாத்தியாரும் இருந்தாரு, மாணாக்கனும் இருந்தான். கேம்பிரிட்ஜுல வாத்தியாரே மாணாக்கனா உக்காந்தாரு. உங்க மன்றத்துல மாணாக்கன்னு ஒரு ஆளு இல்லாம ஒன்பது வாத்தியாரு! லாஸ்லெட்டு கேள்விப்பட்டிருந்தா உங்களுக்குன்னு நாலாம் பருவம் ஒண்ணு கண்டுபிடிச்சிருப்பாரு.

மில்லுல ரிட்டயர் ஆனவனப் பாரு. மறு வாரமே அடுத்த வீட்டுக்காரன் கிட்டப் போயி, ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டா என்ன கொடுக்கணும்னு கேக்கான். அவனுக்குக் கேக்கதுல கூச்சம் இல்ல. பல்கலைக்கழகத்துல இருந்து வந்தவங்களுக்குத் தான் இந்தச் சீக்கு. முப்பது வருஷம் கேள்வி கேட்டதெல்லாம் பதில் தெரிஞ்சுக்கிட்டே கேட்டது. தெரியாமக் கேக்கது எப்படின்னு மறந்து போச்சு.

கோவிச்சுக்காத, இன்னும் இருக்கு. நீ தாவரம் படிச்சவன். போன வாரம் ஓடைக்கரையில ஒரு செடியப் பாத்து, ‘அகாலிஃபா இண்டிகா’ன்னே. நான் மரியாதையா ஒதுங்கி நின்னேன், ஏதோ வெளிநாட்டுக்காரி வந்திருக்கான்னு. பாத்தா நம்ம குப்பைமேனி. அதோட வேரப் பிடுங்கிப் போட்டா பூனை வந்து விழுந்து புரளுமே, பாத்திருக்கியா? பூனைவணங்கின்னு அதுக்கு இன்னொரு பேரே உண்டு. அப்புறம் தொய்யல் கீரைய ‘டைஜீரா மியூரிகேட்டா’, தண்டுக்கீரை குடும்பம்னு சொன்னே. குடும்பம் சரியாத் தான் சொல்லியிருப்பே. அது எம்புட்டு வரைக்கும் குழம்புக்கு ஆகும், எப்ப முத்திப் போயி மாட்டுக்குத் தான் ஆகும்னு கேட்டேன். அந்தக் கேள்விக்கு நீ செல்போன எடுத்தே. களை எடுக்க வாற ஆவுடையம்மா கண்ண மூடிக்கிட்டுத் தடவிப் பாத்தே சொல்லிருவா. அவ பிடுங்குறதுல பாதி வரப்புல காயும், பாதி மடியில ஏறும். எது எங்க போகணும்னு அவளுக்குத் தெரிஞ்ச வகைப்பாடு உன் புத்தகத்துல இருக்கா, இல்லையா? எனக்கு நெசமாவே தெரியாது. தெரிஞ்சா சொல்லு.

நான் மட்டும் என்ன பெரிய படிப்பாளியான்னு நீ மனசுக்குள்ள கேக்கது காதுல விழுது. தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம்னு வந்துச்சே, அது வரைக்கும் நான் கைநாட்டு. எனக்கு வாத்தியாரு எட்டாப்புப் படிச்சுக்கிட்டு இருந்த பிள்ளை. நான் போட்ட ‘ஞ’வப் பாத்து, ‘இது எந்த ஊரு எழுத்து பெரியப்பா?’ன்னு கேப்பா. பம்பரம் விளையாடுற பயக எல்லாம் நின்னு சிரிப்பாங்க. மீசைய முறுக்கிக்கிட்டே திரும்பப் போடுவேன். புதுக்கோட்டைப் பக்கம் இதே இயக்கத்துல பொம்பளைங்க எழுத்தோட சைக்கிளும் படிச்சாங்க. 1991 வாக்குல ஷீலாராணி சுங்கத்துன்னு ஒரு கலெக்டரம்மா அங்க இருந்தாங்க. கல்லு உடைக்கவங்க, காட்டு வேலை செய்யவங்கன்னு எத்தனையோ பேரு சேலைய இழுத்துச் சொருகிட்டு ஏறுனாங்க. விழுந்தாங்க, எந்திரிச்சாங்க, ஓட்டிட்டுப் போயிட்டாங்க. உங்க மன்றத்துல ஒருத்தரும் விழமாட்டாரு. ஏறுனாத் தானே.

பெரிய ஆளுங்களே வேணும்னா கேளு. உ.வே.சாமிநாதையர் 1919ல மாநிலக் கல்லூரியில இருந்து ஓய்வு வாங்குனாரு. எண்பது தாண்டி, 1937ல குறுந்தொகைய உரையோட பதிப்பிச்சாரு. 1940ல ஆனந்த விகடன்ல ‘என் சரித்திரம்’ எழுத ஆரம்பிச்சாரு. நூலகத்துல வாங்கி வாசிச்சேன். அந்த வயசுல எத்தனை பட்டம், எத்தனை பொன்னாடை பாத்த மனுசன்! அதைப் பத்தி எழுதியிருக்கலாம்ல? புத்தகத்துல பெரும்பங்கு, தன் வாத்தியாரு மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிட்ட உக்காந்து பாடம் கேட்ட கதை. அந்த மகாமகோபாத்தியாயருக்குக் கடைசி வரைக்கும் மாணாக்கனா இருக்கத் தான் பிடிச்சிருக்கு. உன் மணிவிழா மலரையும் வாசிச்சேன் மருமகனே. அதுல உன் வாத்தியாரு பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?

இன்னொருத்தர், நம்ம இடைசெவல் கி.ரா. பள்ளிக்கூடத்தப் பாதியில விட்ட சம்சாரி. கரிசக்காட்டுச் சனங்க பேசுற பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேத்து 1982ல ஒரு வழக்குச் சொல் அகராதியே போட்டாரு. எண்பதுகளோட கடைசியில, அறுபத்தஞ்சு வயசு வாக்குல, பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் அவரக் கூப்பிட்டுப் பேராசிரியராக்கி, நாட்டுப்புறக் கதை சேக்கச் சொல்லுச்சு. உங்களையெல்லாம் மாலை போட்டு வெளிய அனுப்புற வயசுல அவர உள்ள கூப்பிட்டாங்க. காதைத் திறந்து வச்சிருந்தவனுக்கு வந்த வேலை அது.

என் பேத்தி ஒண்ணு சொன்னா. ஸ்வயம்னு சர்க்காரு 2017ல இருந்து நடத்துதாங்களாம், போன்லயே பெரிய பெரிய காலேஜுப் பாடமெல்லாம் சும்மா கேக்கலாமாம். நீயும் சேந்தியாம், தாவரவியல்ல! ‘நடத்துறவன் என் மாணவனோட மாணவன், தப்பாச் சொல்லுதான்’னு ரெண்டாவது வாரமே விட்டுட்டியாம். ஏன்யா, சாப்பிட்ட இலையிலயே திரும்ப உக்காருவாங்களா? சங்கீதம் இருக்கு, கணக்கு இருக்கு, கல்வெட்டு இருக்கு. எதுல நீ மக்கோ, அதுல சேரு. மக்கா இருக்கதுல ஒரு சொகம் உண்டு. பக்கத்து ஆளு கிட்ட ‘என்ன சொன்னாரு?’ன்னு கேக்கலாம். அவனும் ‘தெரியல’ம்பான். அதுல இருந்து தான் சிநேகிதம் ஆரம்பிக்கும். ஆடுபுலி ஆட்டத்துல என் கிட்டத் தோத்தப்ப எந்திரிச்சுப் போனியே, அன்னைக்கு ‘இன்னொரு ஆட்டம்’னு உக்காந்திருந்தா, இந்நேரம் உனக்கு இந்தத் தெருவுல நாலு கூட்டாளி இருந்திருப்பான்.

பென்சனுக்கு வருஷம் ஒருக்க உசுரோட இருக்கேன்னு சான்று கொடுக்கியே, இப்ப அதுக்கும் விரல் ரேகை வச்சாப் போதும்கிறாங்க. ஊருக்கு விரல் ரேகை பத்தாது மருமகனே. கல்யாண வீட்டுல தேங்காய் திருகணும், துட்டி வீட்டுல விடிய விடிய உக்காரணும். ‘தலைமை தாங்குதேன்’னு சொல்லிட்டு ரெண்டுக்கும் போக முடியாது.

அதனால ஒரு ஏற்பாடு செஞ்சிருக்கேன். ஓடைக்காட்டுல என் உளுந்துல களை ஏறிக் கெடக்கு. நாளைக்கு ஆவுடையம்மா வாரா. காலையில ஏழு மணிக்கு வரப்புல நிக்கணும், வருகைப் பதிவு அவ எடுப்பா. குறிப்பேடு கொண்டா. லத்தீன வீட்டுல வச்சுட்டு வா, சாயங்காலம் போயி எழுதிக்கோ. அவ சொல்லுறதுக்கு நடுவுல ‘ஆக்சுவலி’ன்னு ஆரம்பிச்சேன்னா, கையில இருக்கது களைக்கொத்துங்கிறத மறந்துராத. பதிலுக்கு நீயும் ஒண்ணு சொல்லிக் கொடுக்கணும். அவ பேரன் பன்னெண்டாப்புல உயிரியல்ல திணறுதான், ராத்திரி எட்டு மணிக்கு வருவான். கேம்பிரிட்ஜுக்காரன் சட்டம் சரியாப் போச்சா?

கூலி உண்டான்னு பாக்காத. படிக்க வாரவன் பீசு கட்டணும், மருமகன்கிறதால உனக்குத் தள்ளுபடி. உன் மன்றத்துக்காரங்க எட்டு பேரையும் கூட்டிட்டு வா. ரெண்டு ஏக்கர் தான், மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிரும். இப்பக் கூலி விக்கிற விலைக்கு எனக்கு வேற வழி தெரியல, உனக்கு ஒளிச்சு என்ன ஆகப் போகுது. வரும்போது ஆளுக்கொரு களைக்கொத்து கொண்டாரச் சொல்லு. என் கிட்ட ரெண்டு தான் இருக்கு.