வைன் மாஸ்ரரின் சனிக்கிழமை வகுப்பு

மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய ரொறன்ரோத் தமிழரின் பேஸ்மென்டுக்கு வாழ்க்கையில் மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் அதில் வாடகைக்கு ஆள் இருக்கும். மோட்கேஜ் கொஞ்சம் இறங்கியதும் ஆளை எழுப்பிவிட்டுக் கரோக்கி மெஷின் வரும். பிள்ளைகள் யூனிவர்சிட்டிக்குப் போனபின் கரோக்கியும் கராஜுக்குப் போய், அந்த இடத்தில் ஒரு சின்னக் குளிர்பெட்டி நீல வெளிச்சத்தோடு நிற்கும். கதவில் 13 பாகை என்று காட்டும். அந்த வீட்டுக்காரர்தான் வைன் மாஸ்ரர்.

பத்து வருடத்துக்கு முன்புவரை அவரும் பிளாக் லேபலுக்குக் கோக் கலந்து குடித்த மனிதர்தான். பிறகு ஒருநாள் வேலையிடத்து டின்னரில் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர் கிளாஸைச் சுழற்றி மணந்து ஏதோ நாலு வார்த்தை சொல்லிவிட்டார். மாஸ்ரருக்கு அது விளங்கவில்லை. விளங்காத பாடத்தைச் சும்மா விட்டுவிடுகிற பரம்பரையா அது? யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் ரியூசன் கொட்டிலில் பௌதிகவியல் படிப்பித்தவர் அவர். லண்டனில் 1969இல் தொடங்கிய வைன் கல்வி நிறுவனமான டபிள்யூ.எஸ்.இ.டி.யின் இரண்டாம் நிலைப் பரீட்சைக்குக் காசு கட்டினார், பழைய வினாக்களைத் தேடிச் செய்தார், பாஸானார். சான்றிதழ் இப்போது மகளின் பட்டத்துக்குப் பக்கத்தில், இரண்டு அங்குலம் உயரமாகத் தொங்குகிறது.

அவர் வீட்டு வைன் விருந்துக்கு அழைப்பு வருவதில்லை; வட்ஸ்அப்பில் அறிவித்தல் வரும். சனிக்கிழமை மாலை சரியாக 6 மணி. சென்ட் பூசி வரக்கூடாது. கோயிலுக்குப் போய் வருகிறவர்கள் சந்தனத்தைத் துடைத்துவிட்டு வரவும். வெற்றிலை, பாக்கு, சுவிங்கம் தவிர்க்கவும். இவ்வளவையும் ஒழுங்காக வாசித்துவிட்டுச் சனம் ஏழேகாலுக்கு வந்து சேரும்.

உள்ளே போனால் பரீட்சை மண்டபம். ஒவ்வொரு கதிரைக்கு முன்னும் ஒரு தாள், ஒரு பென்சில். நிறம், மணம், சுவை, முடிவு என்று கோடு போட்ட பெட்டிகள். ஆறு வைன், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. போத்தல்களுக்கெல்லாம் பிரவுண் பேப்பர் சுற்றியிருக்கிறது. 750 மில்லிலீட்டர் போத்தலில் ஆளுக்கு இரண்டு அவுன்ஸ் என்றால் பன்னிரண்டு பேருக்குக் காணும் என்பது மாஸ்ரரின் கணக்கு. அதற்கென்று அளவுக் குவளையும் வைத்திருக்கிறார். மேசை நடுவில் துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் படிக்கத்தைத்தான் வைக்கப் பார்த்தார். அம்மம்மாவின் சாமானைத் தொடக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். வாளி கடைசிவரை காய்ந்தபடியே இருக்கும். காசு கொடுத்து வாங்கியதைத் துப்புகிற வழக்கம் நம்மிடம் இன்னும் வந்து சேரவில்லை.

குடிக்க முன் ஒரு விரிவுரை உண்டு. ஒன்ராறியோவில் 1916இலிருந்து மதுவிலக்கு இருந்தது, ஆனால் உள்ளூர்த் திராட்சை வைனுக்கு மட்டும் விலக்களித்தார்கள். 1927இல் எல்.சி.பி.ஓ. என்ற அரச மதுச்சபை வந்தது. அதற்குப் பிறகும் 1962 வரை போத்தல் வாங்க வேண்டுமென்றால் அரசாங்கம் தந்த அனுமதிப் புத்தகம் கையில் இருக்கவேண்டும். வாங்கியதையெல்லாம் அதில் பதிவார்கள். இந்த இடம் வந்தால் மாஸ்ரரின் முகம் மலர்ந்துவிடும். குடிகாரனுக்கும் ஒரு கொப்பி! அடுத்தது நயாகரா. 1929க்குப் பிறகு ஒன்ராறியோவில் புதிதாக வைன் ஆலை தொடங்க அனுமதி கொடுத்ததே 1975இல்தான், அதைப் பெற்றது கார்ல் கைசரும் டொனால்ட் சிரால்டோவும் தொடங்கிய இனிஸ்கிலின். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் முதல் கிளாஸை முடித்திருப்பார்.

முதல் வைன் நியூசிலாந்து சோவினியோன் பிளாங். கூஸ்பெரி மணக்கவேண்டும் என்பது புத்தக விடை. கூஸ்பெரியைக் கண்ணால் கண்டவர் அறையில் ஒருவருமில்லை. முன்வரிசைக் கணக்காளர் அகராதி பார்த்து வந்தவர், நெல்லிக்காய் என்று எழுதுகிறார். பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்த்து அதையே எழுதுகிறார். அவருக்குப் பக்கத்திலிருப்பவரும். மூன்று தாளில் நெல்லிக்காய். இரண்டு செடிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மாஸ்ரர் விளக்கி, முயற்சிக்கு இரண்டு புள்ளி போடுகிறார்.

இரண்டாவது ஷார்டனே. இதற்கு அவரிடம் ஒரு கதை இருக்கிறது. 1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி, லேபலை மறைத்துப் பிரெஞ்சு நடுவர்களுக்கே கொடுத்துப் பார்த்தார். வெள்ளையில் முதலிடம் கலிபோர்னியாவின் ஷாட்டோ மொன்டெலெனாவின் 1973 ஷார்டனேக்கு. சிவப்பிலும் கலிபோர்னியாதான், ஸ்டாக்ஸ் லீப். பின்தங்கிய பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாவட்டத்தில் முதலாவதாக வந்த செய்தியைப் படிப்பதுபோல மாஸ்ரர் தழுதழுப்பார். வழக்கமாக வருகிறவர்களுக்கு இது மனப்பாடம்.

மூன்றாவது போத்தலில்தான் வகுப்பு கைவிட்டுப் போகும். பத்து வருடம் வைத்திருந்த நயாகரா ரீஸ்லிங். அதுவரை ஒரு பெட்டியும் நிரப்பாமலிருந்த லொறி ஓட்டும் அன்பர் மூக்கைக் கொண்டுபோனவர், கிளாஸைக் கீழே வைக்கிறார்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. இது மண்ணெண்ணெய் மணக்குது.”

அறை சிரிக்கிறது. மாஸ்ரர் மட்டும் சிரிக்கவில்லை. “பத்துக்குப் பத்து” என்கிறார்.

உண்மையும் அதுதான். முதிர்ந்த ரீஸ்லிங்கில் டி.டி.என். என்ற ஒரு சேர்வை உருவாகிறது. திராட்சையிலுள்ள கரோட்டினாய்டு சிதைந்து வருவது. வெயில் கூடப்பட்ட பழத்தில் கூடுதலாக இருக்கும். உலகம் முழுவதும் வைன் படித்தவர்கள் இதைப் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் மணம் என்றே எழுதுகிறார்கள், பலர் அதை விரும்பிக் காசும் கொடுக்கிறார்கள். மாஸ்ரர் பலகையில் மூன்று எழுத்தையும் எழுதித் திரும்புவதற்குள் வகுப்பு 1990களின் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த மூக்குகள் அவை. சின்னப் போத்தலிலிருந்து பெட்ரோலை நாலு சொட்டு விட்டு எம்.டி. 90 மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் பருத்தித்துறை வரை ஓடிய கதை ஒருபக்கம். ஜாம் போத்தல் விளக்கில் ஏ.எல். படித்து மூக்குக்குள் கரி பிடித்த கதை இன்னொரு பக்கம். கணக்காளர் மறுபடி மணந்து பார்த்து ஒரு சந்தேகம் எழுப்புகிறார்: இது சங்கக்கடை மண்ணெண்ணெயோ, வெளிக்கடை மண்ணெண்ணெயோ? வெளிக்கடையில் கலப்படம் இருக்கும், இது சுத்தம், ஆகவே சங்கக்கடை என்று லொறிக்காரர் தீர்ப்புச் சொல்கிறார். இவ்வளவு நுணுக்கமாக எந்த டபிள்யூ.எஸ்.இ.டி. புத்தகமும் போகவில்லை.

நாலாவது கபர்னே ஃபிராங். குளிர்ப் பிரதேசத்தில் விளைந்தால் குடைமிளகாய் மணக்கும், தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் முரசைப் பிடிக்கும் என்று மாஸ்ரர் சொல்கிறார். “சாயம் கூடின பிளேன் ரீ” என்று ஒருவர் எழுதியதற்கு முழுப் புள்ளியும் கொடுக்கவேண்டியதாயிற்று.

ஐந்தாவதைப் பிரவுண் பேப்பர் இல்லாமலே கொண்டுவருகிறார். நாபா பள்ளத்தாக்கு கபர்னே சோவினியோன். ஒளிக்க வேண்டிய அவசியமில்லை, காட்டத்தான் வேண்டும். ட்ரம்பின் வரிக்குப் பதிலடியாக 2025 மார்ச் 4ஆம் தேதி எல்.சி.பி.ஓ. தன் தட்டுகளிலிருந்து அமெரிக்க மதுவகைகளை முழுவதுமாக இறக்கிவிட்டது. அயலிலுள்ள கனேடியர்கள் வெறும் தட்டைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, மாஸ்ரர் முந்தின வாரமே மூன்று பெட்டி வாங்கிப் படிக்கட்டுக்குக் கீழே அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார். “தடை வரப்போகுதெண்டால் என்ன செய்யவேணுமெண்டு எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை” என்பார். அந்த மூன்று பெட்டியில் எத்தனை மிச்சம் என்பது மனைவிக்கும் சொல்லப்படாத இரகசியம்.

இந்தக் கட்டத்தில் லீவில் வந்திருக்கும் மகள் படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். உளவியல் படிக்கிறவர். 2001இல் வெளியான ஒரு ஆய்வைப் பற்றி மெதுவாகச் சொல்வார்: போர்தோவில் வைன் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை வைனில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், அவர்கள் அதைச் சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே வர்ணித்தார்கள். அப்பாவுக்கு இந்த ஆய்வு தெரியும். அவரது பாடத்திட்டத்தில் அது இல்லை. “பிள்ளை, மேலை போய் அம்மாவுக்கு உதவி செய்யுங்கோ” என்பதே பதில்.

கடைசி வைனுக்கு மேல்மாடிப் பெண்களும் இறங்கி வருவார்கள். ஐஸ்வைன். குறைந்தது மைனஸ் 8 பாகைக் குளிரில் திராட்சை கொடியிலேயே உறைந்த பிறகு பறித்துப் பிழிவது. நீர் பனிக்கட்டியாக நின்றுவிட, சீனி செறிந்த சாறு மட்டும் சொட்டும். இனிஸ்கிலினின் 1989 விடால் ஐஸ்வைன் 1991இல் போர்தோவின் வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் பெரிய பரிசு பெற்ற பிறகுதான் நயாகராவை உலகம் திரும்பிப் பார்த்தது. சின்னப் போத்தல் என்பதால் மாஸ்ரர் இங்கே அளவுக் குவளையையும் நம்புவதில்லை, மேசைக்கரண்டி. மாமி ஒருவர் வாயில் வைத்துவிட்டு, “இருமல் மருந்துதான், ஆனால் விலை கூடின இருமல் மருந்து” என்று எழுதாமலே விடை சொல்லிவிடுவார்.

இவ்வளவு நேரமும் ஓவனுக்குள் சிறையிருந்த மட்டன் ரோல்ஸ் விடுதலையாவதும் அப்போதுதான். உறைப்பு நாக்கில் ஏறினால் மதுவின் எரிவும் டானினின் துவர்ப்பும் இன்னும் கூடும், ஆகையால் ருசி பார்த்து முடியும்வரை தொடக்கூடாது என்பது சட்டம். தட்டு வந்த இரண்டாவது நிமிடத்தில் யாரோ ஒருவர் கராஜிலிருந்து பிளாக் லேபலை எடுத்து வருவார். அது எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

பத்தரைக்கு முடிவுகள் வாசிக்கப்படும். லொறிக்காரர் 60க்கு 41, முதலிடம். கணக்காளர் 38. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், நெல்லிக்காய்க்குக் கீழே கோடு போடுகிறார், எழும்பி வருகிறார்.

“மாஸ்ரர், மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாமோ?”

“தாராளமா. வாற சனிக்கிழமை தாளைக் கொண்டுவாங்கோ. கட்டணம் ஒரு போத்தில். நாபா எண்டால் மூண்டு புள்ளி கூட்டலாம்.”