நாற்காலிச் சூடு ஆறும் முன்னே

ஊரே கொண்டாடிய தொகுப்பாளரின் நிகழ்ச்சி உங்கள் கைக்கு வந்துவிட்டதா? வாழ்த்துகள். இனி ஆறு மாதத்துக்கு உங்கள் பெயர் 'இந்த ஆளு'.

முதல் வேலை, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று தெரிந்துகொள்வது. சென்னையில் இரவு 9.30 என்றால் மலேசியாவின் பாகான் டாலாமில் நள்ளிரவு 12. மறுநாள் காலை வேலைக்குப் போகவேண்டியவர்கள் மைலோ குவளையோடு சோபாவில் விழித்திருக்கும் நேரம். விஜய் டிவியின் 'அது இது எது'வில் 'சிரிச்சா போச்சு' என்றொரு சுற்று இருந்ததே, சிரித்தால் தோல்வி. புது ஆளைப் பார்க்கும்போது அங்கிருக்கும் எங்கள் அத்தை அந்த விதிப்படிதான் உட்காருவார்.

2024-இல் கமல்ஹாசன் ஏழு சீசன் நடத்திய பிக்பாஸை விட்டு விலக, அக்டோபரில் விஜய் சேதுபதி வந்தார். "கமல் சாரா இருந்தா இந்நேரம் ஒரு புத்தகம் சொல்லியிருப்பாரு" என்று அத்தை பெருமூச்சு விட்டார். கமல் சொன்ன புத்தகங்களில் ஒன்றைக்கூட அவர் வாங்கியதில்லை. ஆகவே நீங்களும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இழந்ததை அது இன்னும் நினைவூட்டும். சேதுபதி அந்தத் தப்பைச் செய்யவில்லை. கேள்வியைப் பட்டென்று கேட்டார், வளவளப்பை வெட்டினார். கமல் சுற்றி வளைக்கிறார் என்று அலுத்துக்கொண்டவர்களே, இவர் யாரையும் பேசவிடுவதில்லை என்றார்கள். விடுங்கள், திட்டுவதற்கும் அவர்கள் விழித்திருக்கத்தானே வேண்டும்.

திறமையெல்லாம் அப்புறம். பழையவர் எங்கே போகிறார் என்று விசாரியுங்கள், அதுதான் முக்கியம். 'அது இது எது'வை நடத்திய சிவகார்த்திகேயன் சினிமாவுக்குப் போய் நாயகனாகிவிட்டார். வானொலியிலிருந்து வந்த மா.கா.பா. ஆனந்துக்கு மேடை காலியாகக் கிடைத்தது; கலகலப்பாக நிரப்பினார். பழையவருக்குப் பட வாய்ப்பு வர நீங்களே கோயிலில் அர்ச்சனை செய்தாலும் தப்பில்லை.

அமெரிக்காவில் தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2009 ஜூனில், என்பிசி தொலைக்காட்சியில் ஜே லெனோ நடத்திவந்த 'டுநைட் ஷோ' அவருக்கு வந்தது. லெனோவோ வீட்டுக்குப் போகவில்லை. செப்டம்பரில் அதே என்பிசி-யில் இரவு 10 மணிக்குத் தனிக்கடை போட்டார். அந்தக் கடை படுத்ததும், லெனோவை 11.35-க்கு நகர்த்தி, கோனனை நள்ளிரவு தாண்டித் தள்ளப் பார்த்தது நிர்வாகம். கோனன் மறுத்தார். 2010 ஜனவரியில் அவருக்குக் கடைசி நாள், மார்ச்சில் லெனோ மறுபடி அதே நாற்காலியில்.

கோனன் வெறுங்கையோடு போகவில்லை. அவருக்கு மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் இழப்பீடு என்று அப்போது செய்தி வந்தது. எனவே நகைச்சுவைத் துணுக்குகளை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தத்தில் 'நிகழ்ச்சி நேரம்', 'விலக்கினால் இழப்பீடு' என்ற இரண்டு பத்தியையும் வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.