கஜானாவைத் தின்ற கவுன்

ஒரு நாடு திவாலாகிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்? கணக்குப் புத்தகத்தைத் திறக்கலாம். ஆனால் அதில் படம் இருக்காது; இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வரும். அரசியின் துணி அலமாரியைத் திறப்பது அதைவிடச் சுலபம். பட்டு இருக்கும், சரிகை இருக்கும், பார்த்த மாத்திரத்தில் வயிறு எரியும். உலகத்துக்கே பகுத்தறிவு வகுப்பெடுத்த பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்ஸ் அலமாரியைத்தான் திறந்தது. மேரி அந்துவானெத்துக்கு 'மதாம் பற்றாக்குறை' என்று பட்டம் சூட்டினார்கள். பட்ஜெட்டில் விழுந்த துண்டுக்கு ஒரு பெண்ணின் பெயர் கிடைத்ததும் கையெழுத்துப் போட்ட ஆண்களெல்லாம் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள்.

அந்தப் புத்தகத்தை நாமாவது திறந்து பார்ப்போம். 1788இல் அரசின் மொத்தச் செலவு சுமார் 63 கோடி லீவ்ர். அதில் பாதி, பழைய கடனைக் கட்டவே போயிற்று. ராணுவம், கடற்படை, வெளியுறவு என்று இன்னொரு கால் பங்கு. அரசர், அரசி, சகோதரர்கள், அத்தைகள், வேட்டை நாய்கள், குதிரைகள் எல்லோரையும் சேர்த்து அரண்மனை விழுங்கியது நூற்றுக்கு 6. அந்த ஆறுக்குள் எங்கோ ஒரு மூலையில் அந்தக் கவுன் தொங்குகிறது. அரசியின் உடைக்கு ஆண்டுக்கு 1,20,000 லீவ்ர் ஒதுக்கீடு. 1785இல் அம்மணி 2,58,000 வரை போய்விட்டார். ஊதாரித்தனம்தான், மறுக்கவில்லை. அமெரிக்க விடுதலைப் போரில் அவர் கணவரின் அமைச்சர்கள் கொட்டிய பணமோ 100 கோடிக்கு மேல். 1785இன் வேகத்திலேயே துணி வாங்கி அந்தத் தொகையைத் தொட வேண்டுமானால் அவருக்கு ஏறக்குறைய 3,900 ஆண்டுகள் பிடித்திருக்கும். 37 வயதிலேயே தலையை எடுத்துவிட்டார்கள். முயன்று பார்க்கக்கூட அவகாசம் தரவில்லை.

அந்த 100 கோடியில் கொஞ்சம் நம் கடலிலும் கரைந்திருக்கிறது. 1782இல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரிலும் நாகப்பட்டினத்துக்கு எதிரிலும், 1783 ஜூனில் கடலூருக்கு எதிரிலும் கடற்படைத் தளபதி சுஃப்ரெனின் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரோடு மோதியது அதே போரின் கிளைதான். கடலூர்ச் சண்டை நடந்தபோது ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதான ஒப்பந்தம் ஐந்து மாதத்துக்கு முன்பே கையெழுத்தாகியிருந்தது. செய்திதான் வந்து சேரவில்லை. முடிந்துபோன சண்டைக்கும் வெடிமருந்துச் செலவு! அரசியைப் பற்றி எழுதியதுபோல இதைப் பற்றி ஒரு ஆபாசத் துண்டுப்பிரசுரம் எழுத முடியுமா? பீரங்கிக்கு இடுப்பு கிடையாதே.

இந்தப் போருக்குக் கடன் வாங்கிய மகான் நெக்கர். வரி போடாமலே போர் நடத்தலாம் என்று காட்டிய நிதித்துறை மேதை. 1781இல் நாட்டின் வரவு செலவைப் புத்தகமாகவே அச்சிட்டு, ஆண்டுக்கு ஒரு கோடி லீவ்ர் உபரி என்றார். போர்ச் செலவெல்லாம் 'அசாதாரணச் செலவு' என்பதால் அந்தக் கணக்கில் சேரவில்லை. புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1789 ஜூலையில் அரசர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார், பாரிஸ் கொதித்தது. அவருடைய மார்பளவுச் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இரண்டு நாளில் பாஸ்டில் விழுந்தது. கணக்கை மறைத்தவருக்கு ஊர்வலம், கவுன் போட்டவளுக்குக் கட்டை வண்டி. நெக்கர் 1804இல், சுவிட்சர்லாந்தில், தலை கழுத்தின்மேல் இருக்கும் நிலையில் காலமானார்.

நெக்கரின் முதல் பதவிக்காலத்துக்குப் பின் நிதியமைச்சரான கலோனும் கடன் வாங்கினார். இனி வாங்க இடமில்லை என்றானதும் 1787இல் 144 பெரிய மனிதர்களைக் கூட்டி, எல்லா நிலத்துக்கும் வரி போடலாமா என்று கேட்டார். கோமகன்களும் பேராயர்களும் நிறைந்த அந்தச் சபை இசையவில்லை. கலோனின் பதவிதான் போயிற்று. இந்தச் சீமான்களும் வீட்டுக்குப் போய் அரசியின் தொப்பி விலையைப் பற்றி வருத்தப்பட்டிருப்பார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம். பழியைப் போட ஒரு வியன்னாக்காரி இருக்கும்போது நெருப்பை யார் அணைப்பது?

ரொட்டி இல்லையென்றால் கேக் சாப்பிடட்டும் என்ற அந்தப் புகழ்பெற்ற வசனத்தையும் அவர் தலையில்தான் கட்டினார்கள். 'ஒரு பெரிய இளவரசி' சொன்னதாக ரூசோ இதை எழுதிவைத்த காலத்தில் மேரி அந்துவானெத் வியன்னாவில் பத்து வயதை ஒட்டிய சிறுமி. பிரான்சின் பசியைப் பற்றி வியன்னாவிலிருந்தே முன்கூட்டிக் கருத்துச் சொன்ன தீர்க்கதரிசி போலும்.

வைரமாலை வழக்கு இன்னும் அழகு. 16 லட்சம் லீவ்ர் மாலை. அரசி வேண்டாம் என்று மறுத்தது. ஜான் த லா மோத் என்ற கில்லாடிப் பெண்மணி, அரசியின் தயவுக்கு ஏங்கிக் கிடந்த கர்தினால் ரோஆனைப் பிடித்தாள். வெர்சாய் தோட்டத்தில், இரவில், அரசி வேடமிட்ட ஒரு பெண்ணை அவருக்குக் காட்டினாள். 'பிரான்சின் மேரி அந்துவானெத்' என்று கையெழுத்திட்ட போலிப் பத்திரத்தையும் நீட்டினாள். அரசியர் பெயரை மட்டுமே எழுதுவார்கள் என்பது அரண்மனை வேலைக்காரனுக்கும் தெரியும். அரண்மனை மதகுருவுக்குத் தெரியவில்லை. மாலை அவர் கைக்கு வந்து, அங்கிருந்து ஜானின் கைக்குப் போய், துண்டு துண்டாகி லண்டனில் விலைபோனது. 1786 மே மாதம் பாரிஸ் உயர் நீதிமன்றம் கர்தினாலை விடுவித்தது. அதாவது, இருட்டில் புதர் மறைவில் அரசி தன்னைச் சந்திப்பாள் என்று ஒரு பாதிரியார் நம்பியதில் தப்பே இல்லை, அவள் அப்படிப்பட்டவள்தானே! தீர்ப்பைக் கேட்டு ஊர் கைதட்டியது. மாலை திருடுபோனது ஒரு தரம், மானம் திருடுபோனது நீதிமன்ற முத்திரையோடு.

பிறகு 1793 அக்டோபர் 14, அரசி மீதான விசாரணை. வழக்கறிஞர்களுக்கு வழக்கு கைக்கு வந்தது முந்தின நாள். மூன்று நாள் தவணை கேட்டார்கள், பதில் இல்லை. அரசுத் தரப்பில் ஃபூக்கியே-தன்வீல் வரலாற்றில் கெட்ட பெயரெடுத்த அரசியரின் பட்டியலை வாசித்தார். சட்டப் புத்தகத்தில் பெண் என்ற ஒரு பிரிவு இருப்பதுபோல. அடுத்து எபேர் எழுந்தார். பத்திரிகையாளர், மக்கள் நலனுக்காகக் கெட்ட வார்த்தை எழுதுகிறவர். தன் எட்டு வயது மகனையே அந்தத் தாய் கெடுத்தாள் என்றார். சாட்சி? தாயிடமிருந்து ஜூலையிலேயே பிடுங்கி ஒரு செருப்புத் தைப்பவரின் காவலில் வைத்திருந்த அதே பையன். அவன் முன் ஒரு காகிதத்தை நீட்டி வாங்கிய, கோணல்மாணலான ஒரு கையெழுத்து. அரசி பதில் சொல்லவில்லை. ஏன் பதில் இல்லை என்று ஜூரியில் ஒருவர் கேட்டபோதுதான், ஒரு தாயிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது என்று அங்கிருந்த எல்லாத் தாய்மார்களையும் பார்த்து முறையிட்டார். தலைக்காக ஊளையிட வந்திருந்த கூட்டமே சற்று அசைந்துபோனது. குடியரசு அசையவில்லை. 16ஆம் தேதி விடியும் முன் தீர்ப்பு, உச்சிப்பொழுதில் கத்தி. கணவரை மூடிய வண்டியில் அனுப்பியவர்கள், இவரைக் கைகளைப் பின்னால் கட்டி, திறந்த வண்டியில் ஊர் பார்க்க ஓட்டிப்போனார்கள். அந்தப் பையன் பத்து வயதில் சிறையிலேயே செத்தான். அது எந்த விடுதலையின் கணக்கில் ஏறியது?

அதற்காக அவருக்குக் கற்பூரம் காட்டச் சொல்கிறீர்களா? முடியாது. அந்த அம்மாள் குற்றவாளிதான். 1792 மார்ச் 26 அன்று, முந்தின நாள் அமைச்சரவையில் முடிவான போர்த் திட்டத்தை, எந்த வழியாகப் படை போகும் என்பது உட்பட, ஆஸ்திரியத் தூதர் மெர்சிக்கு எழுதி அனுப்பியிருக்கிறார். நான்கு வாரத்தில் போர். அந்த வழியில் போய்ச் சாக வேண்டியவர்கள் கவுன் போட்டதில்லை. காலுக்குச் சரியான செருப்பு இருந்திருந்தாலே அதிர்ஷ்டம். இதற்கான கடிதத்தை ஃபூக்கியே-தன்வீல் காட்டவில்லை. அவரிடம் அது இல்லவே இல்லை. செய்த குற்றத்துக்குச் சான்று இல்லை, செய்யாத குற்றங்களுக்கு நாக்கு நிறையச் சான்று. உண்மையான துரோகியைப் பொய் வழக்கில் கொன்ற திறமை புரட்சிக்கே உரியது.

பெண்களுக்குப் பாடம் சொல்லவும் அந்தத் தலை பயன்பட்டது. இரண்டு வாரத்தில், அக்டோபர் 30 அன்று, பெண்கள் சங்கங்கள் அனைத்துக்கும் தடை. நவம்பர் 3 அன்று ஒலாம்ப் து கூஜ் கத்தியின் கீழ். பெண்ணுரிமைப் பிரகடனத்தை 1791இல் எழுதி இதே அரசிக்குக் காணிக்கையாக்கியவர். பெண்ணுக்குக் கொலைமேடை உண்டென்றால் பேச்சுமேடையும் வேண்டும் என்று வாதாடியவர். குடியரசு பாதிக் கோரிக்கையை உடனே நிறைவேற்றியது.

இப்போது மறுமதிப்பீட்டுக் காலம். பாவம் பதினாலு வயதில் கட்டிக்கொடுத்த குழந்தை, தனிமை, புரிந்துகொள்ளாத கணவன். 2006இல் சோபியா கொப்போலா எடுத்த படத்தில் பட்டுச் செருப்புகளுக்கு நடுவே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவும் எட்டிப்பார்த்தது. 2018இல் ஜெனீவாவில் அவருடைய முத்துத் தொங்கல் 3.6 கோடி டாலருக்கு ஏலம் போனது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அவரை அடைத்துவைத்திருந்த சிறையின் சன்னல்களிலேயே, தலையைக் கையில் பிடித்த அரசிகள் பாட்டுப் பாடினார்கள், உலகம் விசிலடித்தது. 2025இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய பாணிக்கென்றே கண்காட்சி திறந்தது; புரவலர், விலையுயர்ந்த காலணிகள் செய்யும் மனோலோ பிளானிக். அன்று துணிக்காகத் திட்டியவர்கள், இன்று துணிக்காகவே கொண்டாடுகிறவர்கள். இரு கட்சிக்கும் பார்வை அலமாரியைத் தாண்டவில்லை.

விஞ்ஞானமும் சும்மா இருக்கவில்லை. ஸ்வீடன் நாட்டு ஃபெர்சன் பிரபுவோடு அரசி நடத்திய கடிதப் போக்குவரத்தில், ஃபெர்சனே மைபூசி மறைத்த வரிகளை எக்ஸ்-ரே வைத்துப் படித்து 2021இல் வெளியிட்டார்கள். காதல் சொற்கள் கிடைத்தனவாம். 230 ஆண்டு கழித்தும் அந்தப் படுக்கையறைக் கதவில் காது வைத்துக்கொண்டிருக்கிறோம், கருவிதான் மாறியிருக்கிறது. மெர்சிக்குப் போன கடிதத்தைப் படிக்க எக்ஸ்-ரே வேண்டாம், எப்போதோ அச்சேறிவிட்டது. 1788ஆம் ஆண்டு வரவு செலவுக்கும் வேண்டாம். அந்த இரண்டையும் பட்டுச் செருப்புக்குப் பக்கத்தில், அதே கண்ணாடிப் பெட்டியில், அதே விளக்கு வெளிச்சத்தில் வைக்கச் சொல்லுங்கள். புரவலர் கிடைக்கிறாரா பார்ப்போம்.