பெரட்டுக்களமும் இரட்டைச் சில்லும்: ஓடும் தகப்பன் பற்றிய பூர்வாங்க ஆய்வு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரைக் காற்றழுத்தத்தில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே உண்டு. சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் ஓடும் தகப்பனுக்கு மேல்மூச்சு வாங்குவதற்கு இதுவே முதற்காரணம். இரண்டாம் காரணம் வயிறு. அதை அளக்க வீட்டார் சம்மதிக்கவில்லை.

நிலத்தைப் பார்ப்போம். தேயிலைக்குச் சரிவு நல்லது, சைக்கிளுக்குச் சமதரை நல்லது. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் முன்னதை மட்டுமே யோசித்திருக்கிறார். 1885இல் நானுஓயாவுக்கு ரயில் ஏறிவந்தது. 44 அடிக்கு ஓரடி உயர்வதையே பெரிய ஏற்றமாக நினைத்து மலையைச் சுற்றிச் சுற்றிப் பாதை போட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு இறங்கும் பாதை இந்தக் கணக்கெல்லாம் படித்ததில்லை. அதே 1885இல்தான் இங்கிலாந்தில் ஸ்டார்லி, சங்கிலி பின்சில்லை இழுக்கும் ரோவர் சைக்கிளை அறிமுகப்படுத்தினார். ரயிலேறி வந்த சைக்கிளுக்கு இங்கே ஓடச் சமதரைதான் இல்லை.

மிஞ்சுவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக்களம், தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோரின் முற்றம், கோயில் வாசல். இஸ்டோரில் எந்திரச் சில்லுகளைக் காக்க ரோதமுனி இருக்கிறார். பன்னிரண்டு அங்குலச் சில்லும் அவருடைய அதிகாரத்துக்குள் வருமா என்று பூசாரியிடம் கேட்டேன். தேங்காய் உடைத்தால் வரும் என்றார். கோயில் வாசலில் பலிபீடம் நடுவில் நிற்கிறது. பழகும் பிள்ளைகள் எல்லாத் திசையையும் விட்டு அதை நோக்கியே போவார்கள். ஆகவே பெரட்டுக்களம்.

இங்கே ஓர் இலக்கணச் சிக்கல் எழுகிறது. மலை குறிஞ்சி நிலம்; அதன் ஒழுக்கம் புணர்தல். சைக்கிள் பழக்குவதன் உச்சமோ கையை விடுவது, அதாவது பிரிதல். அது பாலைக்கு உரியது. திணை மயக்கம் என்று கொண்டால் தொல்காப்பியர் தடுக்கமாட்டார். ஆனால் அதற்கும் தேவையில்லை. குறிஞ்சியும் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பெப்ரவரி வெயிலில் பெரட்டுக்களத்துப் புழுதியைத் தின்றவர்களுக்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்து, எங்கே பிடிப்பது? என் முடிவு கறாரானது: ஹேண்டிலைப் பிடிப்பவர் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறார். சில்லு சுழல்வதால்தான் சைக்கிள் விழாமல் நிற்கிறது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். அந்தச் சுழற்சி விளைவை நீக்கிச் செய்த வண்டியும் தானாக நிமிர்ந்து ஓடுவதை 2011இல் 'சயன்ஸ்' இதழில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளைக்குத் தேவையான பாடம் சின்னதுதான். வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்பினால் விழாது. ஹேண்டில் அப்பாவின் கையில் இருந்தால் அந்த வித்தையை அப்பாதான் படிப்பார். தோளையோ கக்கத்தையோ தொட்டும் தொடாமலும் பிடியுங்கள்.

ஓடாமலே பழக்கவும் வழியுண்டு. 1817இல் ஜெர்மனியில் கார்ல் ட்ரைஸ் ஓட்டிய வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் நிலத்தை உந்தித்தான் போனார். பெடலைக் கழற்றிவிட்டு, இரண்டு காலும் தரையில் படியும்படி சீட்டை இறக்கினால் பிள்ளை தானே பழகிக்கொள்ளும். நல்ல முறை. ஆனால் உட்கார்ந்திருக்கும் தகப்பனை லயம் மதிப்பதில்லை. கழற்றிய பெடலும் திரும்பக் கிடைப்பதில்லை.

கடைசியாக, உரையாடல். நான் கேட்டவரையில் எல்லாத் தோட்டத்திலும் அது ஒன்றுதான்.

"அப்பா, புடிச்சிருக்கீங்கதானே?"

"புடிச்சிருக்கேன், நீ முன்னால பாரு!"

இதைச் சொல்லும்போது அப்பா பத்தடி பின்னால் இருப்பார். இந்தப் பொய்யை எந்தப் பிள்ளையும் மன்னித்ததில்லை. வளர்ந்ததும் தன் பிள்ளையிடம் அதைச் சொல்லாமல் விட்டதுமில்லை.

தோட்டத்து ட்ரக்டர் ஓட்டும் அண்ணன்மாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறு பின்னேரம் பெரட்டுக்களம் பக்கம் வரும்போது, வெறுங்கையை நீட்டியபடி ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தால் சிரிக்காதீர்கள். அவருக்கு முன்னால் ஒரு பிள்ளை வருகிறது. பிரேக்கைப் போடுங்கள்.