பழம்பனியூர்தி இலக்கணம்

எந்த நூலுக்கும் முகப்பில் பாயிரம் வேண்டும், அதில் எட்டுச் செய்திகள் சொல்ல வேண்டும் என்று நன்னூலார் விதித்திருக்கிறார். விதியை மீற எனக்குத் துணிவில்லை. ஆக்கியோன்: கால்கரி நகரில் ஒரு கணக்கு அலுவலகத்தில் நாற்காலி தேய்ப்பவன். வழி: எனக்கு முன்னால் ஏமாந்தவர்கள் போன வழி. எல்லை: கிழக்கே கால்கரி, மேற்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி ரெவல்ஸ்டோக். நூற்பெயர்: மேலே காண்க. யாப்பு: உரைநடை, அவசரத்துக்கு நானே கட்டிய நூற்பா. நுதலிய பொருள்: மலைப்பனியில் ஏறும் ஸ்னோமொபைலைப் பழையதாகப் பார்த்து வாங்குவது. கேட்போர்: புதிது வாங்க வக்கில்லாதவர். பயன்: 5,000 கனடிய டாலர் பிழைத்தல்.

பனியூர்தி என்பது நான் ஆக்கிய கலைச்சொல். என் மனைவிகூட அதைப் பயன்படுத்துவதில்லை. இங்குள்ளவர்கள் ‘ஸ்லெட்’ என்கிறார்கள். நானும் இனி அப்படியே எழுதுகிறேன்; தலைப்பில் மட்டும் தமிழ் வாழட்டும்.

முதல் இடையூறு சொல்லில் இருக்கிறது. தொல்காப்பியர் பெயர் சொன்ன நிலங்கள் நான்கு. அவற்றில் பனிமலை இல்லை. அதனால் இதற்கு இன்ன பூ, இன்ன பறை, இன்ன தெய்வம் என்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, நம்மிடம் இருக்கும் ஒரே ஒரு ‘பனி’ மார்கழியில் புல் நுனியில் உட்காருவதற்கும் ஆகிறது, ரெவல்ஸ்டோக்கில் ஆளை இடுப்பு வரை விழுங்குவதற்கும் ஆகிறது. ஸ்லெட் ஓட்டுகிறவர்களோ பனியை இட்லி மாவு போலப் பதம் பார்த்துப் பேசுகிறார்கள். நேற்றிரவு விழுந்து ஊதினால் பறப்பது பவுடர். வெயில் பட்டுக் கனத்துப் போனதற்கு மசித்த உருளைக்கிழங்கு என்று பெயர். மலை ஸ்லெட் பவுடருக்காகப் பிறந்தது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே வரும்.

முன்னோர் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கியூபெக் மாநிலத்தின் வால்கூர் ஊரில் 1907இல் பிறந்த ஜோசஃப் அர்மான் பொம்பார்டியே ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்கு உடம்பு முடியாமல் போனது. பாதையெல்லாம் பனி அடைத்துக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் குழந்தை இறந்துவிட்டது. 1937இல் பனிமேல் ஓடும் டிராக் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். 1959இல் அவருடைய ஸ்கீ-டூ ஸ்லெட் வந்தது. ‘ஸ்கீ-டாக்’ என்று வைக்க நினைத்த பெயர் எழுத்துப் பிழையால் மாறிவிட்டது என்று சொல்கிறார்கள். ஏடு பெயர்த்தவர் பிழையே பாடமாக நிலைத்துவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. மினசோட்டாவின் ரோசோ ஊரில் 1954இல் பொலாரிஸ் நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட்கர் ஹெட்டீன் 1960இல் கோபித்துக்கொண்டு வெளியேறி, தீஃப் ரிவர் ஃபால்ஸ் என்ற ஊரில் ஆர்க்டிக் கேட்டுக்கு வித்திட்டார். பொலாரிஸின் மலை வண்டிக்கு ஆர்எம்கே என்று பெயர். விரித்தால் ராக்கி மவுண்டன் கிங். ரோசோவில் எந்தக் கூரைமேல் ஏறி நின்று பார்த்தாலும் ராக்கி மலை தெரியாது. ஊர் அப்பளம் போலத் தட்டை.

இனி எண்கள். விளம்பரங்களில் 146, 154, 163 என்று வருவது டிராக் எனப்படும் ரப்பர்ப் பட்டையின் முழுச் சுற்றளவு, அங்குலத்தில். அதில் பாதிக்கும் குறைவுதான் தரையில் படியும். சமவெளிப் பாதையில் ஓட்டும் ஸ்லெட்டில் இது பெரும்பாலும் 120 முதல் 137 வரை. பட்டையின்மேல் துடுப்பு மாதிரி வரிசையாக நிற்கும் ரப்பர்ப் பற்கள் மலை வண்டியில் இரண்டேகால், இரண்டரை அங்குல உயரம். சில 3 அங்குலம். பனியை வாரிப் பின்னால் தள்ளுவது இவைதான். சமவெளி வண்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மலைக்குக் கொண்டுபோனால், அது நின்ற இடத்திலேயே தனக்குக் குழி தோண்டிக்கொள்ளும். பிறகு எரிபொருளோடு 225 கிலோவைத் தாண்டும் அந்தப் பிண்டத்தை மண்வெட்டியால் மீட்க வேண்டும். நீளம் கூடினால் மிதப்பு கூடும், திருப்புவது கஷ்டமாகும். 154 நடுநிலை. புதியவர் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மலைக்கு இன்னொரு வரியும் உண்டு. வருமான வரி போல அதிலிருந்தும் தப்ப முடியாது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆயிரம் அடிக்கு நூற்றுக்கு மூன்று என்ற கணக்கில் என்ஜின் பலம் இழக்கும். 2,000 மீட்டர் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கீழே 150 குதிரை இழுத்த வண்டியில் மேலே 120 குதிரைதான் மிச்சம். ஆகவே 600 சிசி போதுமே என்று கேட்பவருக்கு என் விடை, போதும், ஆனால் 800 இருந்தால் நல்லது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளும் கிடைக்கின்றன. ஆயுளும் கெட்டி, கனமும் கெட்டி. ஆர்எக்ஸ்100 புகையில் வளர்ந்த தலைமுறைக்கு டூ ஸ்ட்ரோக்கின் நன்மை தீமைகளை நான் விளக்க வேண்டியதில்லை.

நூலின் உயிர்நாடிக்கு வருகிறேன். என் தாத்தா அந்தியூர்ச் சந்தையில் மாடு வாங்கப் போனால் மாட்டுக்குச் சுழி பார்ப்பது கடைசியில்தான். அரை மணி நேரம் விற்கிறவரோடு மழை, மகள் கல்யாணம் என்று பேசுவார். “மாட்டுக்குச் சுழி நெத்தியில, ஆளுக்குச் சுழி நாக்குல” என்பார். ஸ்லெட் விளம்பரங்களை இரண்டு குளிர்காலம் படித்தபின், இவற்றுக்கும் உரை எழுத ஒருவர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

‘ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும்.’ இத்தொடர் என் நுதலிற்றோ எனின், என்ஜின் சூடாக இருக்கும்போது என்பது இசையெச்சம். ‘இரண்டாயிரம் மைல்தான் ஓடியது’ என்பதில் ‘தான்’ தேற்றமன்று, மறைப்பு. மலையில் ஒரு மைல் என்பது முழு த்ராட்டிலில் அலறிக்கொண்டே ஏறிய ஒரு மைல். ‘மனைவி ஓட்டியது’ என்பது நம் ஊர் ‘டாக்டர் ஓட்டிய வண்டி’க்கு இணையான உலக வழக்கு. ஊரில் விற்பனைக்கு வந்த வண்டிகளின் கணக்குப்படி, நம் டாக்டர்களுக்கு வைத்தியம் பார்க்க நேரமே இருந்திருக்காது. ‘டர்போ பொருத்தியது’ என்பதை ஓட்டியவரின் மனநிலை குறித்த மருத்துவச் சான்றாகக் கொள்க. ‘என்ஜின் புதிதாகப் பிரித்துச் செய்தது’ என்பதில்தான் உரையாசிரியர்கள் வழுக்குவார்கள். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மாற்றுவது குற்றமன்று, பராமரிப்பு. முதல் பிஸ்டன் ஏன் செத்தது என்பதே கேள்வி. ஆயில் பம்ப் சரியாக ஊற்றவில்லையா, காற்று எங்காவது கசிந்து உள்ளே போயிற்றா? அந்தக் காரணத்தைச் சரி செய்யாமல் பிஸ்டனை மட்டும் மாற்றியிருந்தால், இரண்டாவது பிஸ்டனும் முதலாவதன் வழியே போகும். ஆகவே ரசீதைக் கேட்க வேண்டும். ரசீது இல்லை, கூட்டாளி ஒருவன் செய்தான் என்று விடை வந்தால், அந்தக் கூட்டாளியைக் கடவுள் காப்பாற்றட்டும்.

களஆய்வு கடந்த ஜனவரியில், கால்கரிக்கு வடக்கே ஏர்ட்ரியில், ஒரு வீட்டின் கராஜில் நடந்தது. வண்டியின் பெயர் வேண்டாம். எனக்குத் துணை வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், முப்பது வருடமாக இங்கே லாரி என்ஜின் பிரிப்பவர். நான் அண்ணை என்பேன். வெளியே மைனஸ் இருபது. விற்கிறவர் சிரித்த முகத்தோடு கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார், வண்டி பிடித்துக்கொண்டது. எனக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. அண்ணை வேறெதுவும் பேசாமல் அதை நிறுத்தச் சொல்லிவிட்டு, சைலன்சரைத் தொட வேண்டாம், அது பத்து நொடியிலேயே சூடாகிவிடும் என்று கூலன்ட் குழாயைக் காட்டினார்.

“தம்பி, உதைக் கொஞ்சம் தொட்டுப் பாரும்.”

தொட்டேன். கதகதப்பாக இருந்தது. பத்து நொடி ஓடிய என்ஜினின் தண்ணீர் அவ்வளவு சுடாது.

“நாங்கள் வர முதல் அரை மணித்தியாலம் ஓட விட்டிருக்கிறான்” என்றார் தமிழில், முகத்தில் மாறாத புன்னகையோடு. நூற்பா பிறந்தது அங்கேதான்: ‘குளிர்ந்த என்ஜினே மெய்யுரை பகரும்.’

பிறகு அவர் பையிலிருந்து கம்ப்ரஷன் கேஜை எடுத்தார். இரண்டு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒரு சிலிண்டரில் கேஜைத் திருகி, த்ராட்டிலை முழுக்கப் பிடிக்கச் சொல்லி, முள் ஏறுவது நிற்கும்வரை கயிற்றை இழுத்தார். 112. மற்றதில் 86. இரண்டுக்கும் நடுவே நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்பது மெக்கானிக் மரபு. கேஜ் பழுதாக இருக்கும் என்றார் விற்கிறவர். அண்ணை மறுபடியும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். அதே 112, அதே 86.

“கேஜிலை பிழையெண்டால் ரெண்டு பக்கமும் பிழையாத்தானே காட்ட வேணும்?”

கடுங்குளிரில் நடந்த தருக்கவியல் வகுப்பு அது. கிளம்பும் முன் என்னைக் குனிய வைத்து மேலும் சிலவற்றைக் காட்டினார். டிராக்குக்கு மேலே கவிழ்ந்திருக்கும் அலுமினியத் தொட்டிக்கு டனல் என்று பெயர். அதன் ஓரத்தில் புதுக் கறுப்புப் பெயின்ட், அடியில் நெளிவு. பற்களின் நுனி எலி கடித்த மாதிரி பிய்ந்திருந்தது. பனியில்லாத சரளையில் ஓட்டியதன் கையெழுத்து. டிராக் வழுக்கி ஓட உள்ளே இரண்டு பிளாஸ்டிக் பட்டைகள் உண்டு, ஹைஃபாக்ஸ் என்பார்கள். அவற்றுக்குப் பனிதான் எண்ணெய். என்ஜினின் சூட்டை ஆற்றுவதும் டிராக் வாரி டனலின் உட்புறம் வீசும் அதே பனிதான். வெறுந்தரையில் ஓட்டினால் ஒன்று உருகும், மற்றது கொதிக்கும். இங்கே ஹைஃபாக்ஸ் ஒரு பக்கம் மெழுகு போல வழிந்து உறைந்திருந்தது. அப்போதே எனக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. “வாரும் போவம்” என்றார் அண்ணை.

இங்கிருந்து கிளம்புகிறது இத்துறையின் தீராத முரண். பனி இருக்கும்போது ஸ்லெட்டை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் விலை மலையேறியிருக்கும். முதல் பனி விழுந்த வாரத்தில் கால்கரியில் துருப்பிடித்த இரும்புக்கும் தங்கத்தின் மதிப்பு வந்துவிடும். மே மாதம் விலை இறங்கும். விற்கிறவருக்குக் கராஜில் இடம் வேண்டும், படகு வாங்கக் காசு வேண்டும். ஆனால் ஊரில் பனி இல்லை. பனியில்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். ஓட்டிப் பார்த்து அதிகம் கொடுப்பதா, பாராமல் குறைத்துக் கொடுப்பதா? நம் கல்யாணங்களில் பெண் பார்க்கும் படலத்தின்போது இதே சிக்கல் எழுந்திருக்கிறது. அதற்கும் முடிவு சொல்லப்படவில்லை. மே மாதம் வாங்கு, கேஜை எடுத்துக்கொண்டு போ என்பது என் துணிபு.

கேலியை இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். 2008 டிசம்பர் 28 அன்று ஃபெர்னிக்கு அருகே, ஸ்லெட் ஓட்டப் போன ஸ்பார்வுட் ஊர்க்காரர்கள் எட்டு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். புதைந்தவரை முதல் பத்து, பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். கூட வந்தவர்தான் எடுக்க வேண்டும். 457 கிலோஹெர்ட்ஸில் பேசும் டிரான்சீவர், குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மடக்கு மண்வெட்டி, இந்த மூன்றும், இவற்றைப் பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தரும் பனிச்சரிவு வகுப்பும் இல்லாமல் மலைக்குப் போகக்கூடாது. ரெவல்ஸ்டோக்கில் இருக்கும் அவலாஞ்ச் கனடா வெளியிடும் அன்றன்றைய முன்னறிவிப்பைப் பார்க்காமலும் போகக்கூடாது. ஆகவே 5,000 டாலர் வைத்திருப்பவர் முதலில் 1,000 டாலரை எடுத்துத் தனி உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஸ்லெட்டுக்கு 4,000. இந்த உறையைப் பிரித்து இன்னும் பெரிய என்ஜின் வாங்குகிறவருக்கு என் நூலைப் படிக்கும் தகுதி இல்லை.

நான் வாங்கிவிட்டேன். மே மாதம், ரெட் டியருக்குப் பக்கத்தில், வயதான விவசாயி ஒருவரிடம். 2010 வண்டி, 800 சிசி, 154 அங்குலம். அவரிடம் பள்ளிக்கூடத்து நோட்டு ஒன்று இருந்தது. எப்போது பெல்ட் மாற்றினார், எந்த மைலில் செயின்கேஸ் ஆயில் ஊற்றினார் என்று பென்சிலால் எழுதியிருந்தார். ரசீதுகளை அதிலேயே ஒட்டியிருந்தார். பிஸ்டன் மாற்றிய பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தது. நாங்கள் போனபோது என்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. நாலாவது இழுப்பில்தான் பிடித்தது. கேஜில் 114, 110. டனலில் பொறித்த எண்ணை வைத்துக் கடன் பாக்கி எதுவும் இல்லை என்று பார்த்தபின் 3,900 டாலர் எண்ணிக் கொடுத்தேன். அண்ணை அந்த நோட்டைத்தான் நீர் வாங்கினீர், வண்டி இனாம் என்றார்.

டிரெயிலர் வேண்டும் என்பது மட்டும் பட்ஜெட்டில் வரவில்லை. ஸ்லெட் இன்னும் அந்த விவசாயியின் கொட்டகையில்தான் நிற்கிறது. நவம்பருக்குள் எடுத்துவிடுங்கள், வைக்கோல் வரும் என்று சொல்லியிருக்கிறார். கால்கரி வட்டாரத்தில் டிரெயிலர் வைத்திருக்கும் தமிழர்கள் தெரிவிக்கவும். பெட்ரோல் செலவும் மதியச் சாப்பாடும் என்னுடையது.