குறி பலிக்கும் முறைமை: ஹாரி பாட்டர் நாவல்களை முன்வைத்து ஒரு தருக்க ஆய்வு

1. ஆய்வின் தேவை

ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழையும் மக்கள் பொழுதுபோக்காகப் படித்துவிட்டனர். விளைவாக, அக்கதைக்கு அச்சாணியான குறி தருக்கப்படி செல்லுபடியாகுமா என்ற கேள்வி போதிய கண்டிப்போடு விசாரிக்கப்படவில்லை. அக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். குறியைப் பலிக்கவைப்பது குறி சொன்னவர் அல்லர், அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டாதவரே என்பது எமது கருதுகோள்.

2. சம்பவ விவரம்

ஹாரி பிறப்பதற்குச் சற்று முன், ஹாக்ஸ் ஹெட் என்ற மதுக்கடையின் மாடி அறையில் ஒரு நேர்காணல் நடந்தது. வேலை: மந்திரப் பள்ளியில் குறிபார்க்கும் பாடம் நடத்துவது. விண்ணப்பித்தவர் சிபில் ட்ரெலாணி. தேர்வாளர் டம்பிள்டோர், அம்மாளிடம் சரக்கு இல்லை என்று முடிவுகட்டி எழுந்துவிட்டார். அந்த நேரத்தில் அம்மாளுக்கு அருள் வந்தது. வேலையும் கிடைத்தது. என்ன சொல்லி வேலை வாங்கினோம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. கதவோரம் ஒட்டுக்கேட்ட ஸ்னேப்புக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. அதற்குள் ஆளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டார்கள். கேட்ட பாதி, அதாவது தன்னை வீழ்த்த வல்லவன் பிறக்கப்போகிறான் என்ற செய்தி, கொடிய மந்திரவாதி வோல்டமோர்ட்டிடம் போய்ச் சேர்ந்தது.

3. முகவரிச் சிக்கல்

குறியில் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டும் இல்லை. ஏழாம் மாதக் கடைசியில் பிறப்பவன், பெற்றோர் வோல்டமோர்ட்டை மும்முறை எதிர்த்தவர்கள் என்ற இரண்டே அடையாளங்கள். இரண்டுக்கும் பொருந்திய குழந்தைகளும் இருவர்: ஜூலை 30இல் பிறந்த நெவில் லாங்பாட்டம், ஜூலை 31இல் பிறந்த ஹாரி. தூய மந்திரவாதிக் குலத்தவனான நெவிலை விட்டு, தன்னைப் போலவே கலப்புக் குலத்தில் பிறந்த ஹாரியை வோல்டமோர்ட் தேர்ந்தெடுத்தான். 1981 அக்டோபர் 31 இரவு அவனைக் கொல்ல வீடு தேடியும் போனான்; ஏவிய சாபம் திரும்பித் தன் உடலை இழந்தான், ஹாரிக்கு நெற்றியில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. வோல்டமோர்ட்டே அவனைத் தனக்குச் சமமானவனாக அடையாளமிடுவான் என்பது குறியின் இரண்டாம் பாதி. அதாவது, நெற்றியில் தழும்பை வைத்து முகவரியைப் பூர்த்தி செய்தவன், கடிதத்தைப் பாதிதான் படித்திருந்தான்.

முழுதும் கேட்டிருந்தால் அடங்கியிருப்பானா? மதுராவில் கம்சன் அசரீரியை ஒரு சொல் விடாமல் கேட்டான், அவனும் அடங்கவில்லை. எனவே கேட்ட அளவு பொருட்டல்ல.

4. அலுவலகச் சான்று

மந்திர அமைச்சகத்தில் குறிகளைக் கண்ணாடி உருண்டைகளில் அடைத்துக் காக்கும் கூடம் ஒன்று உண்டு. நம் குறியின் உருண்டை இருந்தது 97ஆம் வரிசையில். அதன் சீட்டில் ஹாரியின் பெயருக்கு முன் ஒரு கேள்விக்குறி. பெயர் ஆதியிலேயே எழுதப்பட்டதன்று. கொலை முயற்சி நடந்த பிறகு, 'அடிபட்டவன் இவன், ஆகவே குறியும் இவனைப் பற்றியது' என்று கூடக் காப்பாளர் கோப்பைத் திருத்தினார். விதியை இறுதி செய்தது ஓர் அலுவலகக் குறிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கேள்விக்குறியை விட்டுவைத்த அந்த ஊழியரின் முன்ஜாக்கிரதை பாராட்டத்தக்கது.

5. உயிர்ச் சிக்கல்

ஒருவன் பிழைத்திருக்க மற்றவன் வாழ இயலாது என்கிறது குறி. ஆனால் வோல்டமோர்ட் உடல் மீண்ட 1995 முதல் 1998 வரை இருவரும் நன்றாகவே உயிரோடிருந்தனர். ஒருவன் பள்ளியில் பரீட்சை எழுதினான். மற்றவன் ஆட்சியைப் பிடித்தான். 'நிம்மதியாக வாழ முடியாது' என்றே கொள்ள வேண்டும் என உரைகாரர்கள் சமாளிக்கலாம். அப்படியானால் அது குறி அன்று, பொதுவான குடும்ப நிலவரம்.

ஒருவர் கையால் மற்றவர் சாவார் என்பது குறியின் இன்னொரு பகுதி. ஹாரி ஏவியது எதிரியின் கைக்கோலைப் பறிக்கும் மந்திரம். வோல்டமோர்ட்டைக் கொன்றது திரும்பிப் பாய்ந்த அவனுடைய சொந்தச் சாபம். அன்றிரவே, அதற்கு முன், வோல்டமோர்ட் கையால் ஹாரி காட்டில் ஒருமுறை விழுந்து எழுந்தும் வந்துவிட்டான். எத்தனை முறை சாக வேண்டும் என்று குறி சொல்லவில்லையாதலால், இதைப் பலித்த கணக்கில் எழுதத் தடையில்லை.

6. பாதகமான சான்று

1999இல் வெளியான மூன்றாம் நாவலில், நள்ளிரவுக்குள் ஒரு வேலைக்காரன் தப்பித் தன் எஜமானனைத் தேடிப் போவான் என்று ட்ரெலாணி மறுபடி அருள்வாக்குச் சொல்கிறார். கேட்டவன் ஹாரி ஒருவனே. அந்த வேலைக்காரனான பெட்டிக்ரூவைக் கொல்ல வேண்டாம் என்று அவனே தடுக்கிறான். பெட்டிக்ரூ எலியாகி ஓடிவிடுகிறான். இங்கே ஹாரி குறியை நம்பி எதுவும் செய்யவில்லை, இரக்கப்பட்டான், அவ்வளவே. இது எமது கருதுகோளுக்கு நேர் எதிரானது. எனவே ஆய்வு மரபுப்படி இதை விதிவிலக்கு என்று அறிவித்து மேலே செல்கிறோம்.

7. முடிவுகள்

அ) கூடத்திலுள்ள எல்லாக் குறிகளும் பலித்தவை அல்ல என்று டம்பிள்டோரே ஒப்புக்கொள்கிறார். கேட்ட அன்று வோல்டமோர்ட் போர்த்திப் படுத்திருந்தால் இதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

ஆ) ஒட்டுக்கேட்பவர்களைப் பாதியில் வெளியேற்றுவதால் பயனில்லை. மாடிப்படியிலேயே மறிக்க வேண்டும்.

இ) அருள் வராத நேரத்திலும் ட்ரெலாணி வகுப்பில் ஹாரிக்குச் சாவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்; எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவன் ஒருமுறை செத்தும் காட்டினான். அந்தக் குறிகளுக்குக் கண்ணாடி உருண்டை ஒதுக்காதது அமைச்சகத்தின் பாரபட்சம். பாவம், அம்மாளுக்கு ஊதிய உயர்வும் நிலுவையில் இருக்கலாம்.