கப்பலேறும் ஒயின்: பரபக்கமும் சுபக்கமும்

மயாமியிலோ ஃபோர்ட் லாடர்டேலிலோ சொகுசுக் கப்பல் ஏறப்போகிறவர்கள், துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு சூப்பர் மார்க்கெட் முன்னால் வண்டியை நிறுத்துவது வழக்கம். ஒயின் அலமாரியில் கீழ்த்தட்டைப் பார்த்து, பத்துப் பன்னிரண்டு டாலருக்குள் ஒரு பாட்டிலை எடுப்பார்கள். இதே ஒயின் கப்பலில் மூன்று மடங்கு விலை என்று முன்பு போய்வந்தவர்கள் சொல்லியிருப்பார்கள். அந்த மடங்கை மிச்சம் பிடித்த நிறைவோடு வண்டியில் ஏறுவார்கள். இந்தக் கட்டுரை அந்த அலமாரி முன்னால் நிற்பவர்களுக்காக எழுதப்படுகிறது. கை கீழ்த்தட்டுக்குப் போவது பிழை, மேல்தட்டுக்குப் போக வேண்டும் என்பது இதன் துணிபு. சாதாரண ஒயினைக் கப்பலில் வாங்க வேண்டும். நல்ல ஒயினைக் கரையிலிருந்து கொண்டுபோக வேண்டும். ஊரெல்லாம் செய்வது இதற்கு நேர்மாறு.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். வயது வந்த ஒருவருக்கு 750 மில்லி பாட்டில் ஒன்று, சீல் உடைக்காதது, ஏறும் முதல் நாளில் மட்டும், கைப்பெட்டியில். அமெரிக்காவில் புறப்படும் கப்பலில் வயது வந்தவர் என்றால் 21 நிரம்பியவர். அட்டைப்பெட்டி ஒயினுக்கு இடமில்லை; ரம், விஸ்கி, வோட்காவுக்கு அறவே இல்லை. கார்னிவல், ராயல் கரீபியன், பிரின்சஸ் ஆகிய கப்பல் நிறுவனங்கள் எல்லாம் ஏறத்தாழ இந்த வரம்புக்குள் வருபவை. டிஸ்னி தாராளம்: ஆளுக்கு இரண்டு பாட்டில், அதுவும் வழியில் நிற்கும் ஒவ்வொரு துறைமுகத்திலும். நார்வீஜியன் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. எத்தனை கொண்டுவந்தாலும் பாட்டிலுக்குப் பாட்டில் கார்க்கேஜ் வாங்கிக்கொள்ளும். இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை. பயணச்சீட்டு வாங்கிய நிறுவனத்தின் அந்த ஆண்டு விதியைப் படித்துக்கொள்வது பயணியின் கடமை.

கார்க்கேஜ் என்பது நம் பாட்டிலை அவர்கள் மேசையில் திறப்பதற்குக் கொடுக்கும் கட்டணம். பெரும்பாலும் 15 முதல் 20 டாலர் வரை. பல கப்பல்களில் கேபினுக்குள் குடித்தால் இது கிடையாது. டைனிங் ஹாலுக்குக் கொண்டுபோனால் உண்டு. இந்தக் கட்டணத்தின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் வரும் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. பாட்டிலின் விலை எதுவானாலும் கார்க்கேஜ் மாறாது. பத்து டாலர் பாட்டிலுக்கும் 15, நூறு டாலர் பாட்டிலுக்கும் 15.

கப்பல் ஏன் ஒரு பாட்டிலோடு நிறுத்துகிறது? குடித்துவிட்டு ரகளை செய்வதைத் தடுக்க என்பார்கள், அதில் உண்மை இருக்கிறது. ஸ்பிரிட் வகைகள் மீதான தடைக்கு அது போதுமான காரணம். ஒயினுக்கு வேறு காரணம் உண்டு. கார்னிவல் குழுமத்தின் 2023 வருமானம் சுமார் 2,160 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 750 கோடி பயணச்சீட்டில் வந்ததல்ல. பார், காசினோ, ஸ்பா, கரைச் சுற்றுலா என்று ஏறியவர்களிடம் பிறகு வாங்கியது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சீட்டு விலையைக் குறைவாக வைத்து ஆளை ஏற்றிக்கொண்டு, ஏறியபின் பர்ஸைத் திறக்கவைப்பதே இந்தத் தொழிலின் அடித்தளம். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. நடுத்தரக் குடும்பங்கள் கடலில் ஒரு வாரம் போக முடிகிறதென்றால், பக்கத்து மேசையில் வாங்கப்படும் ஒவ்வொரு காக்டெயிலும் அதற்குக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது.

பார் கப்பலோடு பின்னால் ஒட்டிக்கொண்ட ஒன்று என்று நினைப்பவர்கள் 1920களை நினைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம். கியூனார்ட் கப்பல் நிறுவனம் தொடுத்த வழக்கில் 1923இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுக் கொடுத்தது: கரையை ஒட்டிய அமெரிக்கக் கடல் எல்லைக்குள் எந்த நாட்டுக் கப்பலானாலும் மது கூடாது, எல்லைக்கு வெளியே மதுவிலக்குச் சட்டம் செல்லாது. அன்றைய எல்லை மூன்று மைல். அமெரிக்கக் கொடி பறந்த லெவியத்தான் என்ற பெருங்கப்பல், எல்லைக்கு வெளியேயும் மது விற்காததால் அந்நிய பார்களோடு போட்டி போட முடியாமல் பயணிகளை இழந்தது. நியூயார்க்கிலிருந்து எந்த ஊருக்கும் போகாத பயணங்கள் கிளம்பின. எல்லை தாண்டும் வரை ஓடுவது, நின்று குடிப்பது, திரும்புவது. இன்றைய மூன்று நாள், நான்கு நாள் மலிவுப் பயணத்துக்கு இவைதான் மூதாதை. அன்று பாருக்காகவே கப்பல் ஏறினார்கள் என்றால், அந்த பார் இன்று தன் உரிமையை இறுக்கிப் பிடித்திருப்பதில் வியப்பில்லை.

இனி பரபக்கம். பிறர் கொள்கைகள் மூன்று.

முதல் கொள்கையினர் கடத்தல்காரர்கள். மவுத்வாஷ் பாட்டிலில் பச்சை நிறம் கலந்த வோட்கா, மடித்து வைக்கும் பிளாஸ்டிக் பைகளில் ரம். இதற்கென்றே பைகள் விற்பனையில் இருக்கின்றன. பெட்டி ஸ்கேனரைத் தாண்டாது. கேபினுக்கு வராமல் ஓர் அறையில் காத்திருக்கும். உரியவர் போய் எல்லோர் முன்னிலையிலும் திறந்து காட்ட வேண்டும். மாட்டாமல் தப்பினாலும் கிடைப்பது என்ன? விடுமுறை முழுக்கக் கழிப்பறைக் கோப்பையில் ஊற்றி, கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பது. ஒரு நல்ல பானத்தை அப்படி நடத்துவது அதற்குச் செய்யும் அவமரியாதை. இந்தக் கொள்கையை இதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை.

இரண்டாம் கொள்கையினர் பேக்கேஜ்காரர்கள். தினமும் ஒரு தொகை, கணக்கில்லாமல் குடிக்கலாம் என்பது இவர்கள் நம்பிக்கை. கார்னிவலின் ‘சியர்ஸ்’ திட்டத்தை எடுத்துக்கொள்வோம். சேவைக் கட்டணத்தோடு ஒரு நாளைக்கு 70 டாலரைத் தாண்டும். கணக்கில்லாமல் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: 24 மணி நேரத்தில் மது வகையில் 15. கேபினில் ஒருவர் எடுத்தால் அதே கேபினில் இருக்கும் 21 நிரம்பிய அனைவரும் எடுக்க வேண்டும். கணவர் குடிப்பார், மனைவி தொடமாட்டார் என்றால் இரண்டு பேருக்கும் பணம். ஒரு கிளாஸ் ஒயின் 12 டாலர், மேலே 18 சதவீதம் சேவைக் கட்டணம், ஆக 14 டாலர் என்று வைத்தால், கொடுத்த பணத்துக்கு ஈடாக நாளொன்றுக்கு ஐந்து கிளாஸ் குடிக்க வேண்டும். கிளாஸுக்கு 150 மில்லி. ஐந்து கிளாஸ் என்பது சரியாக ஒரு முழு பாட்டில். ஆளுக்கு ஒரு பாட்டில், தினமும், கரையிறங்கி வெயிலில் ஊர் சுற்றும் நாட்களிலும். காப்பி, குளிர்பானம் எல்லாம் சேர்த்துக் குடிப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் இளகும். காலையிலிருந்தே கையில் கோப்பையோடு இருப்பவர்களுக்கு லாபமும் வரலாம். ஒயினை விரும்புகிறவருக்கு இது பொருந்தாது. கட்டிய காசை மீட்கக் குடிக்கிற குடி நாக்குக்குத் தெரியாமல் போய்விடும்.

மூன்றாம் கொள்கையினர் கீழ்த்தட்டுக்காரர்கள். இவர்கள்தான் பெரும்பான்மை, நல்லவர்களும்கூட. விதியை மீறுவதில்லை, வீண்செலவு செய்வதில்லை. கணக்கை மட்டும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

சுபக்கம், அதாவது என் கொள்கை, அந்தக் கணக்கை முடிப்பதிலிருந்து தொடங்குகிறது. கடையில் 12 டாலர் பாட்டில் கப்பலில் 36 என்று வைப்போம். 18 சதவீதம் சேர்த்தால் 42 டாலர் 48 சென்ட். கையில் கொண்டுபோய் டைனிங் ஹாலில் திறந்தால் 12 உடன் கார்க்கேஜ் 15, மொத்தம் 27. மிச்சம் பதினைந்தரை டாலர். இனி 50 டாலர் பாட்டில். விலை உயர உயர மடங்கு குறைவதுதான் உணவக வழக்கம் என்பதால் இதற்கு இரண்டு மடங்கு மட்டுமே போடுவோம்: 100, சேவைக் கட்டணத்தோடு 118. கையில் கொண்டுபோனால் 65. மிச்சம் 53 டாலர். ஒரே பாட்டில்தான் அனுமதி. அந்த ஒரு வாய்ப்பைப் பதினைந்தரை டாலருக்குச் செலவழிப்பதா, 53 டாலருக்கா? சேவைக் கட்டணம் விலையோடு சேர்ந்து ஏறுகிறது, கார்க்கேஜ் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எனவே பாட்டில் உயர்ந்ததாக ஆக ஆக அந்தப் பதினைந்து டாலர் சிறுத்துப்போகிறது.

பணம் இதில் பாதிதான். மறுபாதி, கப்பலால் தர முடியாதது எது என்ற கேள்வி. 2024இல் மயாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ், கேபினுக்கு இருவர் என்ற கணக்கிலேயே 5,610 பேரை ஏற்றிச் செல்கிறது. வாரத்துக்கு வாரம் அத்தனை பேருக்கு ஊற்றும் ஒயின், ஆண்டு முழுவதும் தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். அதைத் தரக்கூடியவை பெரிய நிறுவனங்கள்: கலிபோர்னியாவின் பெரும் பெயர்கள், மார்ல்பரோவின் சாவிஞ்ஞோன் பிளாங்க், இத்தாலியின் புரொசெக்கோ, சிலியின் சிவப்பு. இவை மோசமில்லை. தரம் ஏறாது, இறங்காது. சாதாரண மாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆண்டுக்குச் சில ஆயிரம் பாட்டில் மட்டும் செய்யும் சிறு தோட்டத்தின் ஒயின் இந்தப் பட்டியலில் நுழையவே முடியாது. அது பயணியின் கைப்பெட்டியில்தான் கப்பலேற முடியும். சூப்பர் மார்க்கெட் கீழ்த்தட்டிலிருந்து எடுத்தவர், கப்பலில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் இருக்கும் ஒன்றையே சுமந்துகொண்டு போகிறார்.

எந்த பாட்டில்? வண்டல் படிந்த பழைய சிவப்பு ஒயின் வேண்டாம். விமானத்திலும் டாக்சியிலும் குலுங்கி வந்தது, அசையும் தரையில் தெளிவதற்குப் பல நாள் எடுக்கும். அதற்குள் பயணம் முடிந்துவிடும். என்னைக் கேட்டால் ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்கு கபினெட் ரீஸ்லிங் என்பேன். மெல்லிய இனிப்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் எட்டு ஒன்பது சதவீதம்தான், வண்டல் கிடையாது. கரீபியன் வெக்கைக்கு ஏற்றது. நம்மவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்னிவல் கப்பல்களின் டைனிங் ஹாலில் இந்திய சைவச் சாப்பாடு கேட்டு வாங்கலாம். மிளகாயும் மசாலாவும் சேர்ந்த உணவோடு கனத்த சிவப்பு ஒயின் சண்டை போடும், இந்த ரீஸ்லிங் இணங்கிப்போகும். கேபினில் இருக்கும் சிறிய குளிர்பெட்டி பெரும்பாலும் குளிர்ச்சியைத் தாங்குமே தவிர உண்டாக்காது. கேபின் பணியாளரிடம் ஐஸ் வாளி கேட்டு, அரை மணி நேரம் முன்பே பாட்டிலைக் கழுத்தளவு இறக்கிவிட வேண்டும்.

கடலில் ஒயின் ருசி கெடும் என்றொரு பயம் இருக்கிறது. அது விமானத்துக்குப் பொருந்தும். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ மலையுச்சி அளவுக்குக் குறைந்து, காற்றும் வறண்டுவிடுவதால் மூக்கும் நாக்கும் மந்தமாகின்றன. கப்பல் கடல் மட்டத்திலேயே போகிறது. கரையில் எப்படியோ அப்படியே. சொல்லப்போனால் கடலால் மேம்பட்ட ஒயினும் உண்டு. மதேராத் தீவின் ஒயின் பீப்பாய்கள் வெப்ப மண்டலத்தைக் கடந்து இந்தியா வரை போய்த் திரும்பியபோது ருசி கூடியிருந்ததைக் கண்டு, வேண்டுமென்றே அப்படி அனுப்பி எடுத்து, அதை உயர்ந்த விலைக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ஆம்போரா என்ற சாடிகளின் ஓடுகள், மத்தியதரைக் கடல் ஒயின் அதற்கும் வெகுகாலம் முன்பே நம் கரை வரை கப்பலில் வந்துசேர்ந்ததைச் சொல்கின்றன.

கார்க்கேஜைக் கொடுக்கும்போது முகம் சுளிப்பவர்கள், அதற்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெயிட்டர் பாட்டிலை வாங்கி லேபிளை உரியவர் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். கழுத்துத் தாளைச் சுற்றி அறுக்கிறார். கப்பல் லேசாகச் சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சரித்துக்கொண்டு கார்க்கை நேராக இழுக்கிறார். இரண்டு மடக்கு ஊற்றிக் காத்திருக்கிறார். பாதி மிஞ்சினால் கார்க்கைத் திரும்ப அழுத்தி, கேபின் எண் எழுதிய சீட்டை ஒட்டி எடுத்துப்போகிறார். மறுநாள் இரவு, கேட்டதும் அதே பாட்டில் மேசைக்கு வருகிறது. பதினைந்து டாலருக்கு இரண்டு இரவுப் பணிவிடை. அது நியாயமான கூலி. கப்பலில் வாங்கும் பாட்டிலுக்கும் இதே பராமரிப்பு உண்டு என்பதால், சாதாரண ஒயினைக்கூட கிளாஸாக வாங்காமல் பாட்டிலாக வாங்குவதே முறை. 12 டாலர் கிளாஸ் ஐந்து வாங்கினால் 60. அதே தரத்தில் ஒரு பாட்டில் அதைவிடக் குறைவு.

வழியில் துறைமுகங்களில் வாங்கும் பாட்டில் வேறு கதை. பல கப்பல்களில் ஏறும் வாசலிலேயே வாங்கி ரசீது கொடுத்துவிடுவார்கள். கடைசி இரவுதான் கேபினுக்கு வரும். அது வீட்டுக்கு, பயணத்துக்கு அல்ல என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை வாதமும் கடல் கப்பலுக்கு. ஐரோப்பிய ஆறுகளில் ஓடும் சிறு கப்பல்களில் நிலைமை வேறு. வைக்கிங் நிறுவனத்தின் ஆற்றுக் கப்பல்களில் மதிய உணவோடும் இரவு உணவோடும் ஒயின் சீட்டு விலையிலேயே அடக்கம். வெளியே வாங்கி வருவதற்கும் தடையில்லை, கார்க்கேஜும் இல்லை. டான்யூபில் டியூர்ன்ஷ்டைன் படித்துறையில் இறங்கினால், மேலே தெரியும் படிக்கட்டுத் தோட்டங்களின் குரூனர் வெல்ட்லினர் ஒயின் நடந்துபோகும் தூரத்தில் விற்பனைக்கு இருக்கும். அங்கே போகிறவர்கள் ஊரிலிருந்து எதையும் சுமக்க வேண்டாம். பெட்டியில் இடம் விட்டுப் போனால் போதும்.